குழந்தைகளுக்கு வரைபடம் கற்றுத்தரும் மென்பொருள்: வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வரைபடம் (எண்ணிக்கைகளைப் பட்டைகளாகவோ படங்களாகவோ காட்டும் graph) சொல்லித்தரும் மென்பொருள் தேடுகிறீர்களா? மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: சின்னதாக ஒரு தரவு

17 பிள்ளைகளிடம் எந்தச் செல்லப்பிராணி பிடிக்கும் என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். நாய் 7, பூனை 6, மீன் 4, ஆமை 0. ஆமைக்கு வேண்டுமென்றேதான் பூஜ்ஜியம் போட்டிருக்கிறேன்.

படி 2: உள்ளிட்டுப் பாருங்கள்

முதலில் ஆமையைத் தேடுங்கள். மதிப்பு பூஜ்ஜியம் என்பதால் அந்தப் பெயரையே சில மென்பொருள்கள் தூக்கிவிடும். யாரும் ஆமையைச் சொல்லவில்லை என்பதும் ஒரு செய்திதான். காலி இடம் தெரிய வேண்டும்.

அடுத்து மீனையும் ஆமையையும் நீக்கிவிட்டு நாய், பூனையை மட்டும் வையுங்கள். இப்போது பட்டை வரைபடத்தின் நிலைக்குத்து அச்சு (ஓரத்தில் மேல்நோக்கி எண்கள் போட்டிருக்கும் கோடு) 0-இல் தொடங்குகிறதா? 5-இல் தொடங்கினால் நாயின் பட்டை பூனையின் பட்டையைப்போல இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். வித்தியாசம் என்னவோ ஒன்றுதான். பெரியவர்களே ஏமாறும் இடம் இது.

பட விளக்கப்படத்தில், அதாவது ஒரு பதிலுக்கு ஒரு சின்னப் படம் என்று வரிசையாக அடுக்கும் வரைபடத்தில், வேறொரு சிக்கல். பூனைப் படம் அகலமாகவும் நாய்ப் படம் குறுகலாகவும் இருந்தால், ஆறு பூனைகளின் வரிசை ஏழு நாய்களைத் தாண்டிப் போய்விடும். எல்லாப் படமும் ஒரே அளவுக் கட்டத்தில் அடங்க வேண்டும்.

படி 3: வரைவது யார்?

என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான். நான்கு எண்களைத் தட்டிப் பொத்தானை அழுத்தியதும் வண்ண வண்ணமாய் வரைபடம் வந்து விழுகிறது. பார்க்க ஜோர்தான். ஆனால் குழந்தை கற்றது எண்களைத் தட்டச்சு செய்வதை மட்டும்தான். ஒரு பதிலுக்கு ஒரு படம் என்று பிள்ளையே இழுத்து வைக்க, பட்டை ஒவ்வொரு கட்டமாக ஏற வேண்டும். அப்போதுதான் பட்டையின் உயரம் என்பது எண்ணிக்கை என்று மனதில் பதியும்.

அப்புறம், அட்டவணையில் பூனையை 6-இலிருந்து 8 ஆக்குங்கள். பட்டை வரைபடமும் பட விளக்கப்படமும் கண்ணெதிரே கூடவே மாறுகின்றனவா? மாறினால் நல்ல மென்பொருள். ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்க வேண்டியிருந்தால், இரண்டும் ஒரே தரவுதான் என்பது குழந்தைக்குப் புரியாமலே போகலாம்.

வட்டத்தைப் பங்கு பங்காகப் பிரித்துக் காட்டும் வட்ட விளக்கப்படம் (pie chart) இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்த இரண்டு வரைபடங்களுக்கும் முன்னோடியான ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் பட்டை வரைபடத்தை வெளியிட்டது 1786-இல். வட்ட விளக்கப்படத்துக்கு 1801 வரை ஆனது. பின்னம் தெரியாத பிள்ளையும் கொஞ்சம் காத்திருக்கலாம். முப்பரிமாணப் பட்டைகள் வேண்டவே வேண்டாம். முன்னால் நிற்பது பின்னால் இருப்பதை மறைத்துவிடும்.

படி 4: கேள்விகளைப் பாருங்கள்

வரைபட வாசிப்பை மூன்று நிலைகளாகப் பிரித்தார் கணிதக் கல்வி ஆய்வாளர் பிரான்சிஸ் கர்சியோ (1987). நாய் எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்பது முதல் நிலை. மீனைவிட நாய் எத்தனை அதிகம் என்பது இரண்டாவது. புதிதாக ஒரு பிள்ளை வந்தால் எதைச் சொல்லக்கூடும் என்பது மூன்றாவது. முதல் நிலைக் கேள்விகளோடு நின்றுவிடும் மென்பொருளுக்குப் பாதி மதிப்பெண்தான். மூன்றாவதற்கு ஒரே சரியான விடை கிடையாது; அதற்குப் போய் மென்பொருள் ‘தவறு’ என்று மணியடித்தால், ஒலியை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள்.

விளம்பரம், சேமிக்கும் வசதி, அச்செடுக்கும் வசதி இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பியிருக்கும் வரைபடம், நிறக்குருடு உள்ள பிள்ளைக்கு உதவாது.

படி 5: பிள்ளையை உட்கார வையுங்கள்

பத்து நிமிடம் பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காமல். (இதுதான் ரொம்பக் கஷ்டம்.) எங்கே விரல் தயங்குகிறது, எதை விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று கவனியுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, அதே வரைபடத்தைத் தாளில் வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை. கட்டங்கள் ஒரே அளவில், அடியில் பெயரோடு, ஆமைக்கும் ஓர் இடம் விட்டு வரைந்திருந்தால் அந்த மென்பொருளை வாங்கலாம்.