பத்து விளையாட்டு 799 ரூபாய்: தள்ளுபடிப் பண்டில் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாள், தக்கலையிலிருந்து அக்கா மகன் நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். குடையை மடக்குவதற்குள் கைப்பேசியை நீட்டினான். “மாமா, பத்து இண்டி விளையாட்டு, 6,400 ரூபாய் மதிப்பு, 799 ரூபாய்க்குத் தருகிறார்கள். இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. வாங்கித் தருகிறீர்களா?”

“வாங்கலாம் மக்களே, முதலில் அந்த நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை எடு” என்றேன். அன்று அந்தத் தாளின் பின்பக்கத்தில் நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இண்டி என்பது பெரிய நிறுவனங்களின் பணமில்லாமல் ஒருவரோ சிறு குழுவோ உருவாக்கும் விளையாட்டு. அப்படிப்பட்ட பல விளையாட்டுகளைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்பது பண்டில். 2010-இல் ஹம்பிள் பண்டில் என்ற தளம் “விரும்பிய விலையைக் கொடுங்கள்” என்று தொடங்கியபோது இந்த வழக்கம் பரவலாகத் தெரியவந்தது. இன்று ஸ்டீம், ஃபனாட்டிகல், இட்ச் என்று கணினி விளையாட்டு விற்கும் பல இணையக் கடைகளில் ஏதாவது ஒரு பண்டில் எப்போதும் விற்பனையில் இருக்கிறது. ஆகவே விற்பனைப் பக்கத்தில் கெடுவைக் காட்டும் கடிகாரம் ஓடி முடிந்தால் எல்லாம் போய்விடும் என்ற பதற்றம் வேண்டாம்.

முதல் படி: ‘மொத்த மதிப்பு’ என்ற எண்ணை அடித்துவிடுங்கள்

குளச்சல் கடற்கரையில் மீனைக் கூறு போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இரண்டு அயிலை மினுமினுக்கும். என் அம்மா விலை கேட்பதற்கு முன் குனிந்து விரலால் கூறை விலக்குவார். அடியில் காரல் நிறைந்திருந்தால், “அந்த இரண்டு அயிலைக்கு என்ன விலை சொல்லுகிறாய்?” என்பார். பிறகு செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். பண்டிலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

6,400 ரூபாய் எப்படி வந்தது? பத்து விளையாட்டுகளின் முழு விலையையும் கூட்டியிருக்கிறார்கள். ஆனால் வெளியாகி இரண்டு மூன்று ஆண்டான இண்டி விளையாட்டை முழு விலைக்கு வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. ஸ்டீமில் கோடையிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வருகிறது. இடையிலும் சிறு தள்ளுபடிகள் உண்டு. பாதி விலைக்கும் கால் விலைக்கும் அடிக்கடி இறங்கும் ஒரு பொருளுக்கு முழு விலையை மதிப்பாகக் காட்டினால், 87 சதவீதத் தள்ளுபடி என்ற கணக்கு சரியாக இருந்தும் நமக்குப் பயன்படாது. எனவே தாளில் 6,400 என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடு போடச் சொன்னேன். அவனுக்கு மனமே வரவில்லை. இந்தப் படியில் தயங்கினால் பின்னால் வரும் கணக்கு எதுவும் நிற்காது என்பதால் நானும் விடவில்லை.

இரண்டாம் படி: பத்துப் பெயரையும் கையால் எழுதுங்கள்

திரையில் பார்த்தால் பத்தும் ஒரே வண்ணக் குவியலாகத் தெரியும். கையால் எழுதும்போதுதான் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். எழுதிய பிறகு அடிக்கத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே இருப்பதை முதலில் அடியுங்கள். எபிக் என்ற இணையக் கடை 2018 டிசம்பரிலிருந்து இலவசமாக விளையாட்டுகள் கொடுத்துவருகிறது. என்ன வாங்கி வைத்தோம் என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை. இவனுக்கும் ஒன்று அப்படிக் கணக்கில் கிடந்தது.

அடுத்து, உங்கள் கணினியில் ஓடாததை அடியுங்கள். ஸ்டீமில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் கீழே குறைந்தபட்சத் தேவை என்று ராம், கிராஃபிக்ஸ் கார்டு, வட்டில் வேண்டிய இடம் எல்லாம் எழுதியிருக்கும். இண்டி என்றாலே லேசாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். புள்ளிப் படம் போட்ட பழைய பாணி விளையாட்டுகள் பெரும்பாலும் சாதாரண லேப்டாப்பில் ஓடும். முப்பரிமாணத்தில் செய்தவை திணறலாம். விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2024 ஜனவரி 1 முதல் அவற்றுக்கு ஸ்டீமின் ஆதரவு இல்லை. இவனுடைய லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால் ஒன்று போனது. இன்னொன்றுக்குக் கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். அதுவும் இவனிடம் இல்லை.

கடைசியாக, விருப்பமில்லாததை அடியுங்கள். “மூன்று மாதத்துக்குள் இதைத் தொடங்குவேனா?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். “என்றாவது ஒருநாள்” என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இவன் நான்கை அடித்தான். அவற்றில் இரண்டு திகில் விளையாட்டு. இரவில் மின்சாரம் போனால் கொல்லைப்புறக் கதவைச் சாத்தவே துணை தேடுபவன் அவன்.

பத்தில் மூன்று மிஞ்சியது.

மூன்றாம் படி: மிஞ்சியதன் செவுளைத் தூக்கிப் பாருங்கள்

ஸ்டீமில் மொத்த மதிப்புரை, அண்மை மதிப்புரை என்று இரண்டு கணக்கு தனித்தனியாக இருக்கும். மொத்தம் நன்றாக இருந்து அண்மையது மோசமாக இருந்தால், புதிய அப்டேட் எதையோ கெடுத்திருக்கலாம். பாராட்டுகளைவிடக் குறைகளைப் படியுங்கள். எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பது அங்கேயே இருக்கும். இருபது மணி நேரம் விளையாடியவர் சொல்லும் குறைக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். “மிகவும் கடினம்” என்பது சிலருக்குக் குறை, சிலருக்கு அதுவே சுவை. உங்களுக்கு எது என்று பாருங்கள். டெமோ என்ற இலவச மாதிரி இருந்தால் அதை இறக்கி விளையாடிவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் வரும் என்பதை ‘ஹவ் லாங் டு பீட்’ தளம் சொல்லும். ஆனால் விலையை மணி நேரத்தால் வகுத்து, குறைந்து வருவதுதான் நல்ல விளையாட்டு என்று முடிவு செய்யாதீர்கள். 2023-இல் வெளியான ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. ஒரே மூச்சில் உட்கார்ந்து முடித்துவிடலாம். அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கும். விடுபட்ட இடத்தை நாம் யோசித்து இட்லி அவிக்க வேண்டும். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்று நான் திரைக்கு முன் உட்கார்ந்து யோசித்தபோது, எங்கள் அடுக்களையில் தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைக்கும் அம்மாவின் கை கண்ணில் வந்தது. அந்தச் சிறிய விளையாட்டுக்கு 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. நூறு மணி நேரம் ஓடும் எத்தனையோ விளையாட்டுகள் என் மனதில் அதன் அளவுக்கு நிற்கவில்லை.

நான்காம் படி: தனியாக வாங்கினால் என்ன விலை?

‘இஸ் தேர் எனி டீல்’, ‘ஸ்டீம்டிபி’ ஆகிய தளங்களில் விளையாட்டின் பெயரைத் தேடினால், இதுவரை எந்த அளவுக்கு விலை இறங்கியது என்று தெரியும். அந்த மிகக் குறைந்த விலையைப் பெயருக்கு நேரே எழுதுங்கள். ஐயமாக இருப்பதற்குப் பாதி விலை மட்டும் போடுங்கள்.

எங்கள் தாளில் 180, 145, ஐயமான ஒன்றுக்கு 110-இல் பாதியாக 55. மொத்தம் 380 ரூபாய். பண்டில் விலை 799. பையன் அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

799-ம் முழு விலையல்ல. அந்தப் பண்டிலை விற்றது டாலரில் வசூலிக்கும் கடை. 799 என்பது அன்றைய மாற்று மதிப்பு. வெளிநாட்டுப் பணத்தில் செலுத்தினால் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் கட்டணமும், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும். 3.5 சதவீதம் என்று வைத்தால் 799 என்பது ஏறத்தாழ 832 ஆகிறது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்பதையும் வங்கிச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.

பல பண்டில்களில் சிறிய தட்டு, பெரிய தட்டு என்று விலைப்படிகள் இருக்கும். இதில் நான்கு விளையாட்டு கொண்ட சிறிய தட்டு 250 ரூபாய். எங்களுக்கு வேண்டியதில் 145-ம் 55-ம் அதில் இருந்தன, ஆக 200. அதுவும் கட்டுப்படியாகவில்லை. ஸ்டீமிலேயே விற்கும் பண்டில்களில் பலவற்றில், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதன் விலையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் பண்டில் தள்ளுபடியோடு வாங்கலாம். அப்படிப்பட்டவற்றில் கணக்கு உங்கள் பக்கம் சாய வாய்ப்பு அதிகம்.

நன்கொடைக்காக நடக்கும் பண்டிலைத் தனியாகக் கருதுங்கள். 2020 ஜூனில் இட்ச் தளத்தில் இனநீதிக்காக நடந்த பண்டிலில் குறைந்தது 5 டாலர் கொடுத்தால் 1,700-க்கும் மேற்பட்ட படைப்புகள் கிடைத்தன. திரண்ட தொகை 80 லட்சம் டாலரைத் தாண்டியது. அங்கே கொடுத்தவர்கள் அந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார்கள். நீங்களும் அப்படிக் கொடுக்க விரும்பினால், தாளில் ‘நன்கொடை’ என்று தனி வரி எழுதி, மீதியை மட்டும் விளையாட்டின் விலையாகப் பாருங்கள்.

ஐந்தாம் படி: திருப்பித் தர முடியுமா?

ஸ்டீமில் நேரடியாக வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளிக் கடையில் கீ, அதாவது விளையாட்டைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு, வாங்கி ஸ்டீமில் போட்டால் அந்த வசதி இல்லை. கீயைத் திறந்து பார்த்துவிட்டாலே பல கடைகள் பணம் தருவதில்லை. கீ இந்தியாவில் செல்லுமா, அதைப் பயன்படுத்தக் கெடு எப்போது என்பதையும் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் பதினொரு விளையாட்டுப் பண்டில் ஒன்றை நான் வாங்கி, இரண்டை மட்டும் விளையாடி, மற்றக் கீகளை அப்படியே விட்டுவிட்டேன். பின்னர் ஆசையாக ஒன்றைத் திறந்தபோது கெடு முடிந்திருந்தது. நான் மிகவும் விரும்பியது அதுதான். அந்த வருத்தத்தில்தான் இந்தத் தாள் வழக்கம் எனக்கு வந்தது. வாங்கிய அன்றே எல்லாக் கீகளையும் கணக்கில் ஏற்றிவிடுங்கள்.

அன்று பண்டிலை வாங்கவில்லை. 180, 145 இரண்டையும் ஸ்டீமின் விருப்பப் பட்டியலான விஷ்லிஸ்ட்டில் போட்டுவைத்தோம். விலை இறங்கினால் மின்னஞ்சல் வரும். மார்கழியில் ஒன்று 145-க்கு வந்தது, வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் தக்கலையிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். நாள்காட்டித் தாள், பின்பக்கம், அவன் கையெழுத்து. ஆறு பெயர்களில் இரண்டு அடித்திருந்தன. மீதி நான்குக்கு நேரே விலை. கூட்டல் 410, பண்டில் 330, கார்டுக் கட்டணத்தையும் சேர்த்து 344. கீழே “மாமா, வாங்கலாமா?” என்று எழுதியிருந்தான்.

கூட்டலை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, “வாங்கு மக்களே” என்று பதில் அனுப்பினேன்.