சின்ன அறைக்கு வெள்ளை அடித்தேன், குடோன் ஆனது

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுச் சின்ன அறை 9-க்கு 10 அடி. ஒரே ஜன்னல். திறந்தால் ஆறடி தள்ளிப் பக்கத்து வீட்டின் கிளிப்பச்சைச் சுவர். உள்ளே பழைய ரோஸ் பெயிண்ட், தேக்கு நிற லாஃப்ட் கதவு. "வெள்ளை அடி, பெரிசாத் தெரியும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அடித்தேன். சிமென்ட் குடோன் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி அடித்தபோதுதான் சரியாக வந்தது. அந்த இரண்டாவது தடவை செய்ததைத்தான் எழுதுகிறேன். பட்டி, உப்புத்தாள், பிரைமர் எல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். சுவரில் ஓதம் இருந்தால் மட்டும் முதலில் அதைப் பாருங்கள்.

1. கோடுகளை எண்ணுங்கள்

வாசலில் நின்று, நிறம் மாறும் இடங்களை எண்ணுங்கள். சுவரும் சீலிங்கும் சேருமிடம், பீம், லாஃப்ட், ஜன்னல் சட்டம். ஒவ்வொன்றிலும் கண் தடுக்கி நிற்கிறது. அறை குறுகித் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கோடுகள். அதனால் சுவர், பீம், லாஃப்ட் மூன்றுக்கும் ஒரே நிறம். சீலிங்குக்கு அதே ஷேடைப் பாதி அடர்த்தியில் கலக்கச் சொல்லுங்கள். கலர் மெஷின் உள்ள கடையில் செய்து தருவார்கள். பீமுக்குத் தனிக் கலர் கொடுத்து அழகு பார்க்கும் ஆசை பெயிண்டருக்கு வரும். இடம் கொடுக்காதீர்கள்.

2. நிறம்

பல கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது: கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. வெளிச்சம் குறைந்த அறைக்கு 65 முதல் 75 வரை எனக்குப் பிடித்தது. அதற்கு மேல் போனால், இருட்டு மூலைகளில் வெள்ளை சாம்பலாகத் தெரிகிறது.

3. சாம்பிள் பார்ப்பது

நான் சறுக்கியது இங்கேதான். கடையின் டியூப் லைட்டில் ஷேட் கார்டு பார்த்து, சாம்பிள் டப்பா வாங்கி, நேராகப் பழைய ரோஸ் சுவரிலேயே ஒரு கட்டம் தீற்றினேன். சுற்றிலும் ரோஸ் இருந்ததால், நான் எடுத்திருந்த சாம்பல் கலந்த வெள்ளை கடல் பச்சை சாயலில் குளுகுளுவென்று தெரிந்தது. முழு அறையும் அடித்து ரோஸ் மறைந்ததும் அந்தச் சாயலும் போய்விட்டது. மிச்சம் வெறும் சிமென்ட்.

இப்போது செய்வது இது. பெரிய வெள்ளை சார்ட் இரண்டில் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் ஒரு மூலையில் சேரும் இரண்டு சுவரிலும் ஒவ்வொன்றாக ஒட்டுகிறேன். சுவர்கள் ஒன்றின் நிறத்தை இன்னொன்றில் வீசுவதால், மூலையில்தான் நிறத்தின் உண்மையான அடர்த்தி தெரியும். காலை ஏழு மணி, மதியம், இரவு விளக்கு போட்டபின் என்று மூன்று வேளையும் பார்க்க வேண்டும். மதியம் பக்கத்து வீட்டுப் பச்சை எங்கள் அறைக்குள்ளேயே வந்து உட்காருவதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். பச்சையைச் சமன் செய்ய, துளி சிவப்பு கலந்த சந்தன வெள்ளையை எடுத்தேன். வீட்டில் 6500கே (கெல்வின், விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) டியூப் லைட் போட்டிருந்தால் எந்த நிறமும் நீலம் பாயும். 4000கே-க்கு மாற்றிய பிறகு சாம்பிள் பாருங்கள்.

4. அடிப்பது

சுவரும் சீலிங்கும் சேர்த்து, கதவு ஜன்னல் போக, எங்களுக்குச் சுமார் 415 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு நாலு லிட்டர் எமல்ஷன் போதுமானதாக இருந்தது. சீலிங்குக்கு மேட், சுவருக்கு லேசான பளபளப்பு. ரொம்பப் பளபளத்தால் பட்டியின் மேடுபள்ளம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். ஸ்பாஞ்ச் ரோலர் வேண்டாம், குமிழி விடும். மைக்ரோஃபைபர் ரோலர் வாங்குங்கள். ஓரத்தை 2 இஞ்ச் பிரஷால் அடித்து, ஈரம் காயுமுன் ரோலர் போடுங்கள். அடிக்கும்போது ஃபேன் வேண்டாம். வேர்க்கும்தான், ஆனால் ஃபேன் ஓடினால் ஓரம் சீக்கிரம் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும்.

பிறகு சேர்த்தது

லாஃப்ட் கதவில் பெயிண்ட் உரிகிறது என்று இதைப் படித்த இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சன்மைக்கா என்றால் எமல்ஷன் பிடிக்காது. 220 உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, வழவழப்பான பரப்புக்கென்றே விற்கும் ஒட்டு பிரைமர் ஒரு கோட் அடித்து, ஒரு நாள் விட்டு, அதே ஷேடில் எனாமல் அடிக்க வேண்டும்.

இன்னொருவருக்கு 7-க்கு 12 அடி அறை, ரயில் பெட்டி மாதிரி. அங்கே மட்டும் ஒரு விதிவிலக்கு: கடைசியில் உள்ள குட்டைச் சுவருக்கு இரண்டு ஷேடு அடர்த்தி கூட்டுங்கள். அது கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும், பெட்டி நீளம் குறையும்.