மருந்துவாழ்மலை: ஏறுவது இருக்கட்டும், இறங்கத் தெரியுமா?

கன்னியாகுமரி பக்கத்தில் இருக்கிற மருந்துவாழ்மலைக்கு முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது, ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான். சுமார் 800 அடி, நின்று நின்று போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் உச்சி. இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் செருப்போடு போனவன்தான், இடது முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி பஸ் பிடித்து, சுசீந்திரம் தாண்டிப் பொற்றையடியில் இறங்குங்கள். ஜனவரி, பிப்ரவரி அருமையான காலம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும், முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? மழை பெய்த மறுநாளும் வேண்டாம், பாறையில் பாசி வழுக்கும்.

ரப்பர் அடி தேயாத ஷூ, முதுகில் மாட்டும் பை, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். கையில் கவர் மட்டும் கூடாது. ஒரு சீப்பு மட்டிப்பழத்தைக் கவரில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன், பாதி வழியில் குரங்கு கவரோடு கொண்டுபோய், எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்றது.

கீழே கொஞ்ச தூரம் படி இருக்கும், அப்புறம் பாறைதான். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையில் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பும் வயலும். வெயில் ஏறிப் பாறை சுடுவதற்குள், காலை எட்டரைக்கெல்லாம் இறங்கக் கிளம்பிவிட வேண்டும்.

சரி, இறக்கம். சாய்வு குறைவான இடத்தில் முட்டியை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக, முழுப் பாதமும் பாறையில் படும்படி வையுங்கள். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் மட்டும் ஊன்றி, கால் வாரிவிடும், நான் விழுந்தது அப்படித்தான். செங்குத்தான இடத்தில் பனையேறி இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்: முகம் மரத்தைப் பார்க்கும், முதுகு வெளியே இருக்கும். அதேபோல் பாறையைப் பார்த்துத் திரும்பி, ஒரு காலை மட்டும் கீழே விட்டுத் துழாவி, பிடி கிடைத்து அதில் பாரம் ஏற்றிப் பார்த்த பிறகே கையை எடுங்கள். இரண்டு கை, இரண்டு காலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். சிலர் உட்கார்ந்தே சறுக்குவார்கள், பேன்ட் கிழிவதோடு போனால் சரி.

இருவராகப் போனால் மேலே நிற்பவர், கீழே இருப்பவர் விலகிய பிறகுதான் நகர வேண்டும், கல் உருளும். பொற்றையடி வந்து டீ குடிக்கும்போது தொடை வெடவெடவென்று ஆடும். பயப்படாதீர்கள், மறுநாள் வீட்டு மாடிப்படி இறங்கும்போது இன்னும் நன்றாக ஆடும்.