ஒரே ஃபார்ம், தளத்துக்குத் தளம் வேறு தோற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வெப் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கு வாடிக்கையாளர்கள் சிறு வியாபாரிகள்தான். அல்சூரில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவருக்குச் சமையல் கான்ட்ராக்டும் இருக்கும், டிராவல்ஸும் இருக்கும். மூன்றுக்கும் மூன்று தளம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆள், ஒவ்வொரு வருஷத்தில் செய்து கொடுத்திருப்பார். பெயர், போன் நம்பர், தேதி, எத்தனை பேர் என்று கேட்கும் ஒரே விசாரணை ஃபார்மை மூன்றிலும் போடச் சொல்வார்கள். போட்ட மறுநாள் போன் வரும்: "தம்பி, மண்டபம் சைட்ல அம்சமா இருக்கு. டிராவல்ஸ் சைட்ல மட்டும் ஏன் இப்படிக் கோணலா நிக்குது?"

"அண்ணே, கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க" என்று சட்டென்று பதில் சொல்வது முதல் தவறு. கேஷ் என்பது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல். ஒரே தளம் உங்களுக்கு ஒரு மாதிரியும் அவருக்கு வேறு மாதிரியும் தெரிந்தால் கேஷைச் சந்தேகப்படலாம். இரண்டு தளங்களுக்கு நடுவே வித்தியாசம் இருந்து, அது எல்லோர் போனிலும் அப்படியே தெரிகிறது என்றால் கேஷுக்கு அதில் வேலையே இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு அந்தச் சந்தேகத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: கண்ணால் பார்த்துக் கையால் தட்டுவது. பெட்டி நீளமாகத் தெரிகிறதா, அகலத்தைக் கொஞ்சம் குறை. எழுத்து சின்னதா, இரண்டு பிக்சல் கூட்டு. இப்படிச் செய்தால் ஒரு தளம் சரியாகும், அடுத்த தளம் கெடும். ஒரு ஃபார்ம் எந்தத் தளத்துக்குப் போனாலும் அங்கே தீமின் (தளத்தின் ஆயத்த வடிவமைப்பின்) சிஎஸ்எஸ், அதாவது தோற்றத்தைச் சொல்லும் விதிகள், இருக்கும், பிளக்இன்களின் சிஎஸ்எஸ் இருக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் பிரவுசர் தானாகவே வைத்திருக்கும் ஸ்டைல் இருக்கும். உங்கள் விதிகள் இவற்றோடு மோதித்தான் தோற்றம் உருவாகிறது. எந்த விதி ஜெயித்தது, அது எந்த ஃபைலிலிருந்து வந்தது என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பிரவுசரே சொல்லும்.

இரண்டு தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். இரண்டிலும் அதே பெயர்ப் பெட்டியின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். கம்ப்யூட்டட் என்ற டேபில் அகலம், பேடிங் (எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே விடும் இடம்), எழுத்தளவு, லைன்-ஹைட் (ஒரு வரியின் உயரம்), பாக்ஸ்-சைசிங் (அகலத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற விதி) ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். மாறுபடும் வரியை விரித்தால் எந்த ஃபைல், எந்த விதி என்று காட்டும். ஸ்டைல்ஸ் டேபில் குறுக்கே கோடு போட்டிருக்கும் வரிகள் தோற்றுப்போனவை. இதோடு இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஃபார்மும் அதன் சிஎஸ்எஸ்ஸும் மட்டும் உள்ள வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அதிலேயே கோணலாக இருந்தால் கோளாறு உங்கள் ஃபார்மில். அங்கே சரியாக இருந்தால் அந்தத் தளத்தில் தேடுங்கள்.

அகலக் கணக்கு

அதிகம் அடிபடும் இடம் இதுதான். 300 பிக்சல் அகலமுள்ள இடத்தில் பெயர்ப் பெட்டிக்கு அகலம் 100% என்று கொடுக்கிறீர்கள். இரண்டு பக்கமும் 12 பிக்சல் பேடிங், 1 பிக்சல் பார்டர் (ஓரக்கோடு). பிரவுசரின் இயல்பான கணக்கில், அதாவது கன்டென்ட்-பாக்ஸில், அகலம் என்பது உள்ளிருக்கும் எழுத்துக்கு மட்டும். பேடிங்கும் பார்டரும் அதன் மேல் கூடும். 300, 24, 2, ஆக 326. பெட்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே இருக்கும் அனுப்பு பட்டன் மட்டும் சரியாக 300-இல் நிற்கும், ஏனென்றால் பட்டனுக்கும் செலக்ட் பெட்டிக்கும் பிரவுசரே பார்டர்-பாக்ஸ் கணக்கை, அதாவது பேடிங்கும் பார்டரும் அகலத்துக்குள்ளேயே அடங்கும் கணக்கை, வைத்திருக்கிறது. பெட்டிகள் நீட்டிக்கொண்டு பட்டன் மட்டும் உள்ளடங்கி நிற்பதைக் கண்டால் வேறெதையும் தேட வேண்டாம்.

அப்படியானால் மண்டபம் தளத்தில் ஏன் சரியாக இருந்தது? அந்தத் தளத்தில் பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பு இருந்திருக்கும். 2013-இல் வந்த அதன் 3-ஆம் பதிப்பிலிருந்து எல்லா உறுப்புகளுக்கும் பார்டர்-பாக்ஸைத் தானே போட்டுவிடுகிறது. நீங்கள் எழுதாத ஒரு விதியின் தயவில் உங்கள் ஃபார்ம் நன்றாக இருந்திருக்கிறது. அந்தத் தயவை நம்பியிருக்காமல் ஃபார்மின் எல்லா உறுப்புகளுக்கும் பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

பழைய தளம் என்றால் பக்கத்தின் முதல் வரியில் டாக்டைப் (இது எந்த வகைப் பக்கம் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் பழைய காலத்துப் பிரவுசர் போல நடந்துகொள்ளும் குவர்க்ஸ் மோடுக்குப் போய்விடும். அதில் இன்புட் பெட்டிகளுக்கும் பார்டர்-பாக்ஸ் கணக்குதான். அதனால் டாக்டைப் இல்லாத தளத்தில் ஃபார்ம் ஒழுங்காகவும், ஒழுங்காக எழுதிய தளத்தில் கோணலாகவும் தெரிவது உண்டு. பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

யார் விதி ஜெயிக்கிறது

உங்கள் பெட்டிக்கு ஒரு கிளாஸ் (பல உறுப்புகளுக்குப் பொதுவாக வைக்கும் பெயர்) கொடுத்து, அதற்குச் சாம்பல் பார்டர் எழுதியிருக்கிறீர்கள். தீமில், கன்டென்ட் என்ற ஐடிக்குள் (ஐடி என்பது ஒரே ஓர் உறுப்புக்கு வைக்கும் பெயர்) இருக்கும் டெக்ஸ்ட் வகை இன்புட்டுக்கெல்லாம் நீல பார்டர் என்று ஒரு விதி. நீலம்தான் ஜெயிக்கும். பிரவுசர் முதலில் ஐடிகளை எண்ணும், அதில் சமமானால் கிளாஸ், ஆட்ரிபியூட் ஆகியவற்றை எண்ணும், அதிலும் சமமானால் டேக் பெயர்களை எண்ணும். தீமின் விதிக்கு 1, 1, 1 (கன்டென்ட் என்ற ஐடி, டெக்ஸ்ட் வகை என்ற ஆட்ரிபியூட், இன்புட் என்ற டேக்). உங்களுடையதற்கு 0, 1, 0. கிளாஸ் பத்து சேர்த்தாலும் ஒரு ஐடியை வெல்ல முடியாது.

சரி, நாமும் ஃபார்முக்கு ஓர் ஐடி கொடுப்போம் என்று ஐடிக்குள் கிளாஸ் என எழுதினால் 1, 1, 0. இன்னும் தோல்விதான், டேக் பெயர் ஒன்று குறைகிறது. கிளாஸுக்கு முன்னால் இன்புட் என்று சேர்த்தால் 1, 1, 1. இப்போது சமம். சமமானால் வரிசையில் எது பின்னால் வருகிறதோ அது ஜெயிக்கும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஒரு தளத்தில் தீமின் ஃபைல் முன்னால் வரும், இன்னொன்றில் உங்கள் ஃபைலுக்குப் பின்னால் வரும். விதியில் ஓர் எழுத்துகூட மாறாமல் தோற்றம் மாறிவிடும். வரிசையை நம்பாதீர்கள், எண்ணிக்கையிலேயே தெளிவாக ஒரு படி மேலே நில்லுங்கள்.

இந்தச் சண்டையில் களைத்துப்போய் எல்லா வரியிலும் இம்பார்டன்ட் (சாதாரண விதிகளை மீறச் சொல்லும் குறி) போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தீமும் இம்பார்டன்ட் போட்டிருந்தால் பழைய எண்ணிக்கைச் சண்டை அப்படியே மறுபடி ஆரம்பிக்கும். அதைவிட மோசம், உங்கள் ஃபார்முக்கே அது கெடுதல் செய்யும். பார்டருக்குச் சாம்பல், இம்பார்டன்ட் என்று எழுதிவிட்டீர்கள். யாரோ போன் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் அடிக்கிறார். பிழை என்று காட்ட வேண்டிய சிவப்பு பார்டர் சாம்பலைத் தாண்டி வரமுடியாது. அனுப்பு பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு அவர் போய்விடுவார். கல்யாணத் தேதி கேட்டு வந்தவரை இழந்ததற்குக் காரணம் ஒரு சிஎஸ்எஸ் வரி என்று மண்டபக்காரருக்குத் தெரியவே தெரியாது.

லேயர் போட்டால் தீரும் என்று நினைப்பவர்களுக்கு: 2022-லிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கேஸ்கேட் லேயர், அதாவது விதிகளை அடுக்குகளாகப் பிரித்து எந்த அடுக்கு மேல் என்று சொல்லும் வசதி, உண்டு. ஆனால் இம்பார்டன்ட் போடாத விதிகளில், லேயருக்குள் இல்லாத விதி, லேயருக்குள் இருக்கும் விதியை வென்றுவிடும். உங்கள் ஃபார்மை மட்டும் லேயருக்குள் வைத்தால் தீமிடம் இன்னும் எளிதாகத் தோற்பீர்கள்.

கிளாஸுக்கு எல்லோரும் வைக்கும் பெயரையே வைப்பதும் கூடாது. பூட்ஸ்ட்ராப் 3-இல் லேபிள் என்ற கிளாஸ் சின்ன வண்ணப் பட்டைக்காக ஒதுக்கப்பட்டது, அதன் எழுத்து வெள்ளை நிறம். உங்கள் ஃபார்மின் தலைப்புகளுக்கு அதே கிளாஸ் பெயரைக் கொடுத்து வெள்ளைப் பின்னணியில் வைத்தால் பெயர், போன், தேதி எல்லாம் மறைந்துவிடும், வெறும் பெட்டிகள் மட்டும் நிற்கும். எல்லாக் கிளாஸுக்கும் முன்னால் உங்களுடைய இரண்டு மூன்று எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து: நம் மொழிகளுக்கு மட்டும் வரும் தொல்லை

தளம் முழுக்க அழகான ஃபான்ட் போட்டிருப்பார்கள், ஃபார்முக்குள் மட்டும் வேறு எழுத்து தெரியும். இன்புட், பட்டன், டெக்ஸ்ட்ஏரியா இவையெல்லாம் பக்கத்தின் ஃபான்ட்டைத் தாமாக எடுத்துக்கொள்ளாது. குரோமில் இவற்றின் இயல்பு அளவு 13.33 பிக்சல், டெக்ஸ்ட்ஏரியாவுக்கு மோனோஸ்பேஸ் எழுத்து (எல்லா எழுத்தும் ஒரே அகலம்). சில தீம்கள் இதைச் சரிசெய்து வைத்திருக்கும், சில வைத்திருக்காது. ஃபான்ட் இன்ஹெரிட் என்று ஒரே வரி எழுதினால் போதும்.

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்பது பெங்களூரில் செல்லாது. இங்கே ஃபார்ம் தமிழிலும் கன்னடத்திலும் வேண்டும் என்பார்கள். ஏரியலில் தமிழ் எழுத்து இல்லை, அதனால் விண்டோஸ் நிர்மலா யுஐ ஃபான்ட்டை எடுத்துப் போடும், ஆண்ட்ராய்டு பெரும்பாலும் நோட்டோ ஃபான்ட்டை எடுக்கும். தீம் இன்புட்டின் உயரத்தை 32 பிக்சல் என்று கட்டிப்போட்டு, லைன்-ஹைட்டையும் பேடிங்கையும் இறுக்கிப் பிடித்திருந்தால் "மண்டபம் வேண்டிய தேதி" என்பதில் மேலே உள்ள புள்ளியும் வளைவும் வெட்டுப்படும். கன்னடத்தில் வரிக்குக் கீழே தொங்கும் ஒத்தட்சரம் (கூட்டெழுத்தின் கீழ்ப்பகுதி) காணாமல் போகும். நேம், டேட் என்று ஆங்கிலத்தில் பார்த்தவருக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும். உயரத்துக்குப் பதில் குறைந்தபட்ச உயரம் கொடுங்கள், லைன்-ஹைட் 1.5 வையுங்கள். சோதிக்கும்போது கூ, ணீ, ஸ்ரீ வரும் பெயர்களை அடித்துப் பாருங்கள்.

அளவை ரெம்மில் (தளத்தின் அடிப்படை எழுத்தளவை 1 என்று கொள்ளும் அலகில்) எழுதுபவர்கள் தளத்தின் அடிப்படை எழுத்தளவைப் பார்க்காமல் விடுவதும் உண்டு. சில தீம்களில் அது 62.5% என்று இருக்கும், அதாவது 16-க்குப் பதில் 10 பிக்சல். நீங்கள் 1 ரெம் என்று எழுதியது அங்கே எறும்பாகிவிடும். ஐபோனில் இன்னொரு விளைவும் உண்டு. பெட்டிக்குள் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால், தொட்டவுடன் சஃபாரி பக்கத்தையே பெரிதாக்கிவிடும். இன்புட்டின் எழுத்தளவுக்கு மட்டும் 16 பிக்சல் என்று நேராகவே எழுதுங்கள்.

சிஎஸ்எஸ்ஸே காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறு

வேர்ட்பிரஸின் கிளாசிக் எடிட்டரில் ஃபார்மின் எச்டிஎம்எல்லை ஒட்டினால், வரி விட்ட இடங்களில் எல்லாம் அது பத்தி டேகுகளையும் வரிமுறிவு டேகுகளையும் நுழைத்துவிடும். பெட்டிகளுக்கு நடுவே காரணமில்லாத இடைவெளி தெரிந்தால் முதலில் எலிமென்ட்ஸ் டேபைப் பாருங்கள். நீங்கள் எழுதாத டேக் அங்கே உட்கார்ந்திருக்கும். பெட்டி லேசான நீலமாக இருப்பது குரோமின் ஆட்டோஃபில் நிறம், தளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதிலும் மாறாத தோற்றம் வேண்டுமென்றால் ஐஃபிரேமில் (பக்கத்துக்குள் திறக்கும் தனிப் பக்கத்தில்) வைக்கலாம். ஆனால் அப்போது தளத்தின் ஃபான்ட்டும் நிறமும் உள்ளே வரவே வராது. ஷேடோ டாமில் (பக்கத்தின் விதிகளிலிருந்து பிரித்து வைத்த பகுதியில்) வைத்தால் தீமின் செலக்டர்கள், அதாவது எந்த உறுப்புக்கு விதி என்று சொல்லும் பகுதிகள், உள்ளே நுழையாது, ஃபான்ட், எழுத்து நிறம், லைன்-ஹைட் போன்று தானாக உள்ளே இறங்கும் பண்புகள் மட்டும் வெளியிலிருந்து வரும். பல தளங்களில் ஓடும் ஃபார்முக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

எது எல்லாத் தளத்திலும் மாறாமல் இருக்க வேண்டும், எது தளத்தோடு ஒத்துப்போகலாம் என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். ஃபான்ட், பட்டன் நிறம் எல்லாம் தளத்தைப் போலவே இருக்கட்டும், அதுதான் அழகு. பெட்டியின் அளவு, எழுத்தளவு, பிழைச் சிவப்பு, ஃபோகஸ் கோடு ஆகியவை உங்கள் கையில் இருக்கட்டும். ஃபோகஸ் கோட்டை நிறைய தீம்கள் அழகுக்காக எடுத்துவிடுகின்றன. மவுஸ் பிடிக்க முடியாமல் கீபோர்டிலேயே ஃபார்ம் நிரப்புபவர்களுக்கு, தாங்கள் எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்று தெளிவாகக் காட்டுவது அந்தக் கோடுதான். ஃபார்மைப் போட்ட ஒவ்வொரு தளத்திலும் டேப் கீயை அழுத்திக்கொண்டே பெயரிலிருந்து அனுப்பு பட்டன் வரை போய்ப் பாருங்கள். கோடு மறையும் தளத்தில் ஃபோகஸ்-விசிபிள் விதியை உங்கள் ஃபார்மின் சிஎஸ்எஸ்ஸில் எழுதிச் சேர்த்த பிறகு ஒப்படையுங்கள்.