ரீயூனியனுக்குப் புதிதாக வந்த பாண்டிக்காரர்களுக்கு: ஊருக்குப் போகும் தூரமும் நேரமும்

சென்னை விமான நிலையத்துக்கும், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் ரோலான் காரோஸ் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 4,600 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகம், ஏறி இறங்க அரை மணி என்று வைத்தால் நிற்காமல் பறக்க ஏறக்குறைய 6 மணி நேரம். இங்கே நேரம் இந்தியாவைவிட ஒன்றரை மணி பின்னால். காலை 10 மணிக்கு இங்கிருந்து கிளம்பினால் சென்னையில் இறங்கும்போது மாலை 5.30. அதே 10 மணிக்குச் சென்னையில் ஏறினால் இங்கே மதியம் 2.30. டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம் என்பதால், பயண நேரத்தை வெறும் கழித்தலில் கண்டுபிடிக்க முடியாது.

நம் குடும்பங்களில் பலருக்குப் பாரீஸில் உறவு உண்டு; அந்த வழியாகப் போனால் என்ன என்று தோன்றும். இங்கிருந்து பாரீஸுக்கு சுமார் 9,370 கி.மீ., அங்கிருந்து சென்னைக்கு இன்னொரு 8,000. தூரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, பறப்பது மட்டும் இருபது மணிக்கு மேல். பாரீஸில் சில நாள் தங்குவதாக இருந்தால் மட்டுமே இது சரி. கைக்குழந்தையோடும் பெரியவர்களோடும் வேண்டவே வேண்டாம்.

நேர் விமானம் கிடைக்காதபோது மொரீஷியஸ் வழியைப் பாருங்கள். அந்தத் தீவு இங்கிருந்து முக்கால் மணிப் பறப்புதான். ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால், நடுவில் இமிக்ரேஷன் தாண்டி, பெட்டிகளை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய நேரலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் போகும்.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போடுங்கள். தீவின் தெற்கே சேன் பியேர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமான நிலையமே 80 கி.மீ.க்கு மேல்; காலை நெரிசலில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். மூன்று மணி முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். சென்னையில் இறங்கியபின் ஈ.சி.ஆர். வழியே பாண்டிக்கு மூன்று, மூன்றரை மணி. கடலூர் என்றால் இன்னும் சற்று நேரம். பாண்டியிலேயே உள்ள லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான், பெரிய விமானம் இறங்காது. 2024 டிசம்பரில் அங்கே மறுபடி தொடங்கியதுகூட பெங்களூர், ஐதராபாத்துக்கான சிறிய ஏடிஆர் (புரொப்பெல்லர் விமானம்) சேவைதான். ஆக 6 மணி நேரப் பறப்புக்கு, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 14 மணி நேரம் ஒதுக்குங்கள்.

புயலை மறக்க வேண்டாம். இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். சிவப்பு எச்சரிக்கை வந்தால் விமான நிலையத்தையே மூடுவார்கள். ஊரிலோ ‘தானே’ புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையேறியது; ‘ஃபெஞ்சல்’ புயல் 2024 நவம்பர் 30 அன்று பாண்டி அருகே. ஆண்டுக் கடைசியில் இரு முனையிலும் ஆபத்து. பொங்கலுக்குப் போவதானால் வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முன் இரண்டு மூன்று நாள் மிச்சம் வையுங்கள். என்னைக் கேட்டால் ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையே மேல். வீராம்பட்டினம் தேரும் ஆடியில்தான்.

பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்கள் ஓசிஐ அட்டையோ (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இந்திய விசாவோ இல்லாமல் விமானம் ஏற முடியாது. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைப்பதானால் ஒன்று முக்கியம்: ரீயூனியன் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) இல்லை. பாரீஸ் போக எடுத்த ஷெங்கன் விசா இங்கே செல்லாது. விண்ணப்பிக்கும்போதே போகும் இடம் ரீயூனியன் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.