ஜப்பானிய வினை ஜோடிகளை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள்

ஒரே ஆங்கிலப் பொருள் போட்ட இரண்டு ஜப்பானிய வினைகள் கண்ணில் பட்டால், ஆங்கிலத்தை விட்டுவிட்டு நேராகத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். 'ஸ்டாப்' என்று அகராதி தரும் தொமாரு, தொமேரு இரண்டும் தமிழில் நிற்பது, நிறுத்துவது. 'சேஞ்ச்' என்று வரும் கவாரு, கயேரு என்றால் மாறுவது, மாற்றுவது. மவாரு, மவாசு: சுழல்வது, சுழற்றுவது. குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தானாக நடப்பதையும் ஒருவர் செய்வதையும் ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே வினையில் அடக்கிவிடுகிறது. ஜப்பானியத்தைப் போலவே தமிழ் பல வினைகளில் இதைப் பிரித்துவைக்கிறது. 'கொப்பு க வரெத்தா' என்றால் கிளாஸ் உடைந்தது. 'கொப்பு ஓ வத்தா' என்றால் கிளாஸை உடைத்தேன். அந்த 'ஓ' வரும் இடத்தில் நம் 'ஐ' வேற்றுமை தானாக வந்து உட்காருவதைப் பாருங்கள். எனக்கு இதுதான் இதில் மிகவும் பிடித்த பகுதி.

தமிழே ஒரே வினை வைத்திருக்கும் இடத்தில் இது உதவாது. கதவு திறந்தது, கதவைத் திறந்தேன் இரண்டுக்கும் நமக்குத் 'திற'தான். அவர்களுக்கு அகு, அகெரு. அங்கே க, ஓ இடைச்சொற்களைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் உடுப்பு விஷயம்: சட்டை, செருப்பு, தொப்பி எல்லாவற்றையும் நாம் 'போடு'வோம். ஜப்பானியத்தில் சட்டைக்குக் கிரு, பேன்ட்டுக்கும் செருப்புக்கும் ஹாகு, தொப்பிக்குக் கபுரு. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.