ரிலேயில் ரூட்டிங் செட்டிங்: பதில் எந்த வழியாகத் திரும்பும்?

"சார், பேனல் பக்கத்துல லேப்டாப்பச் சொருகினா ரிலே பிங் ஆகுது. கன்ட்ரோல் சென்டர்லேர்ந்து மட்டும் வரமாட்டேங்குது." துணைமின் நிலையத்தில் பாதுகாப்பு ரிலேக்களை (லைனில் கோளாறு வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிகள்) சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் கமிஷனிங் வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன ஃபோன் இது. பிங் என்பது ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை. உடனே கேபிளையும் ஸ்விட்சையும் சந்தேகப்படுவோம். போய்ப் பார்த்தால் ரிலேயில் கேட்வே (வேறு நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி) 0.0.0.0 என்று, அதாவது நிரப்பாமலே கிடக்கும். கன்ட்ரோல் சென்டர் அனுப்பிய பாக்கெட் ரிலேவரை வந்துவிடுகிறது. பதில் அனுப்பத்தான் ரிலேவுக்கு வழி தெரியவில்லை. அதே சப்நெட்டில் (ரவுட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முகவரிகளின் கூட்டத்தில்) இருக்கும் லேப்டாப்புக்குக் கேட்வேயே தேவையில்லை. ஆகவே அந்த பிங்கை நம்பி டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சப்நெட்டின் எல்லையைச் சொல்லும் எண்தான் மாஸ்க். அதில் வரும் தவறு இன்னும் நயவஞ்சகமானது. ரிலே 10.20.1.21, ஸ்கேடா சர்வர் (ரிலேக்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் கணினி) 10.20.5.40 என்று வையுங்கள். மாஸ்க் 255.255.255.0 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 255.255.0.0 போட்டுவிட்டால், சர்வர் பக்கத்து வீட்டில் இருப்பதாக ரிலே நினைத்துக்கொள்ளும். கேட்வேயிடம் போகாது, "10.20.5.40 யார்?" என்று தன் லேனிலேயே கூவிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் பிராக்ஸி ஏஆர்பி (வேறு நெட்வொர்க்கில் இருப்பவருக்காக ரவுட்டரே பதில் சொல்லும் வசதி) இயங்கினால் அது குறுக்கே புகுந்து பதில் சொல்லிவிடும், எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும். பிறகொரு நாள் ரவுட்டரை மாற்றுவார்கள், ரிலே ஸ்கேடாவிலிருந்து காணாமல் போகும். பழி புது ரவுட்டர்மேல் விழும்.

இரண்டு, மூன்று போர்ட் உள்ள ரிலேக்களில் எல்லாவற்றுக்கும் ஒரே சப்நெட்டில் தனித்தனி ஐபி கொடுக்காதீர்கள். ஒரு போர்ட்டில் வந்த கேள்விக்கு இன்னொன்றில் பதில் போகும். பிஆர்பி (ஒரே தகவலை இரண்டு நெட்வொர்க்கில் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) வேறு கதை: அங்கே இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஐபிதான்.

டிஃபால்ட் கேட்வே ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற இடங்களுக்கு ஸ்டேட்டிக் ரூட் (எந்த இலக்குக்கு எந்த கேட்வே என்று நாமே எழுதிவைக்கும் வழி) போடுங்கள். அங்கே அடிக்கடி நடக்கும் பிழை, இலக்கு 10.20.5.40, மாஸ்க் 255.255.255.0 என்று எழுதுவது. இரண்டும் பொருந்தாது, சில ரிலேக்கள் ஏற்கவே மாட்டா. இலக்கு 10.20.5.0 என்று இருக்க வேண்டும். ரூட்டில் கொடுக்கும் கேட்வேயும் ரிலேயின் ஏதாவது ஒரு போர்ட்டின் சப்நெட்டுக்குள் இருந்தாக வேண்டும். வெளியே இருக்கும் கேட்வேயை ரிலே எப்படி எட்டும்?

கூஸ் மெசேஜ் (ரிலேக்கள் தங்களுக்குள் வேகமாக அனுப்பிக்கொள்ளும் செய்தி) வரவில்லை என்று கேட்வேயை நோண்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். துணைமின் நிலையத் தகவல்தொடர்புக்கான ஐஇசி 61850 தரத்தின் வழக்கமான கூஸ் ஈதர்நெட் அடுக்கிலேயே ஓடுவது. அதற்கு ஐபியே கிடையாது. விலானையும் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் அமைப்பு) ஸ்விட்சின் மல்டிகாஸ்ட் ஃபில்டரையும் பாருங்கள். எம்எம்எஸ் (ரிலேயும் ஸ்கேடாவும் பேசிக்கொள்ளும் 61850 நெறிமுறை) வரவில்லை, பிங் மட்டும் ஆகிறது என்றால் ஃபயர்வாலில் 102-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கேடாவுக்கு வேறு நெறிமுறை ஓடினால், டிஎன்பி3 என்றால் 20000, ஐஇசி 104 என்றால் 2404.

பக்கத்து பே-யின் (ஒரு லைனுக்கான கருவிகள் இருக்கும் பகுதியின்) செட்டிங் ஃபைலை அப்படியே காப்பி அடித்து ஏற்றினால் ஐபியும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு ரிலேக்கும் ஒரே முகவரி. ஸ்கேடாவில் இரண்டும் மாறி மாறி வந்து போகும். ஒரு ரிலேயின் கேபிளைக் கழற்றிவிட்டு அதே ஐபிக்கு பிங் அடியுங்கள். பதில் வந்தால் இன்னொருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

நெட்வொர்க் செட்டிங்கை மாற்றியதும் தானே ரீஸ்டார்ட் ஆகும் ரிலேக்கள் உண்டு. அது எழுந்து வரும்வரை அந்த ஃபீடருக்கு (அது காக்கும் மின்லைனுக்கு) அந்த ரிலேயின் பாதுகாப்பு இல்லை. ஐபிதானே என்று லைன் சார்ஜில் (மின்சாரத்தோடு) இருக்கும்போது கை வைக்காதீர்கள். பேக்கப் ரிலே சர்வீஸில் இருப்பதை உறுதிசெய்து, ஷிஃப்ட் இன்ஜினியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தொடுங்கள்.